முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

போன மாதம் விடுமுறைக்கு வந்திருந்த பேரன், என் மேஜையில் திறந்து கிடந்த ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான். "எதுக்கு தாத்தா இவ்ளோ குண்டு ஆளுங்க படத்தைச் சேர்த்து வெச்சிருக்கீங்க? ஸ்கேன் பண்ணிட்டா எல்லாம் ஒரு பென்டிரைவ்ல அடங்கிடும். அப்புறம் இந்தப் பெட்டியெல்லாம் எதுக்கு?"

அவன் கேட்டதில் தப்பில்லை. என் வீட்டுக்காரம்மாவும் நாற்பது வருஷமாக வேறு வார்த்தைகளில் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் பையன் அந்த அட்டைகளைப் பார்த்த விதம்தான் எனக்கு உறுத்தியது. படத்தைப் பார்த்தான், அடுத்ததற்குப் போனான். ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. பழைய அஞ்சலட்டையைப் படம் என்று நினைத்தால் பாதிதான் கையில் இருக்கும், அதை ஓர் ஆவணமாக வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்பது என் கட்சி. அதை உணராத வயதில் நானே செய்த ஒரு தவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். இத்தனை நாள் எழுதாமல் தள்ளிப்போட்டது அது.

என்னிடம் இருப்பவை ஜப்பானிய சுமோ மல்லர்களின் பழைய பட அஞ்சலட்டைகள். மொத்தம் 143. பெரும்பாலானவை 1900-க்கும் 1940-க்கும் இடையில் அச்சானவை. புதுச்சேரியில் பிறந்து, இங்கேயே அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவனுக்கும் டோக்கியோ மல்லர்களுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் பிரெஞ்சு மொழி வழியாக வந்தது.

என் சித்தப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். நம் ஊர் வழக்கில் 'சொல்தா'. பென்ஷன் வாங்கிக்கொண்டு பாரீஸிலேயே தங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாரீஸின் தெற்கு ஓரத்தில், போர்த் த வான்வ் பகுதியில் கூடும் பழம்பொருள் சந்தைக்குப் போய் வருவது அவருக்குப் பொழுதுபோக்கு. நான் ஸ்டாம்ப் சேர்ப்பவன் என்பது அவருக்குத் தெரியும். 1974-இல் ஊருக்கு வந்தபோது ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பழைய கார்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். ஐஃபெல் கோபுரம், மாதா கோயில்கள், கடற்கரைகள் என்று எல்லாம் பிரான்ஸ். அவற்றின் நடுவே ஒரே ஒரு சுமோ கார்டு.

நடுவில் ஓர் ஆஜானுபாகு. இடுப்பைச் சுற்றி வடம்போலத் தடித்த வெள்ளைக் கயிறு. இரண்டு பக்கமும் இரண்டு பேர் குந்தியிருக்கிறார்கள், ஒருவர் கையில் வாள். மூவருக்கும் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை தொங்கும் சித்திர வேலைப்பாடுள்ள துணி. கருப்புவெள்ளைப் படத்தின்மேல் யாரோ கையால் வர்ணம் தீட்டியிருந்தார்கள். சிவப்பு, துணியின் ஓரத்தைத் தாண்டிக் கொஞ்சம் வழிந்திருந்தது. அந்த வழிசல்தான் எனக்கு முதலில் பிடித்தது. ஒரு மனுஷன் உட்கார்ந்து தீட்டியிருக்கிறான் என்பதற்கு அது சாட்சி.

அட்டையைத் திருப்பினேன். மேலே 'யுனியோன் போஸ்தால் யுனிவெர்செல்', கீழே 'கார்த் போஸ்தால்' என்று பிரெஞ்சில் அச்சிட்டிருந்தது. ஜப்பானிய எழுத்துகளுக்குப் பக்கத்தில், நான் பள்ளிக்கூடத்தில் அடிவாங்கிப் படித்த பாஷை! அன்றைக்குக் காரணம் புரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1874-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டன. அதிலிருந்து பிறந்ததுதான் உலகத் தபால் ஒன்றியம். அதன் அலுவல் மொழி பிரெஞ்சு. ஜப்பான் 1877-இல் சேர்ந்தது. வெளிநாட்டுத் தபால்காரருக்கும் விளங்க வேண்டுமே என்பதற்காக அந்தக் காலத்து அட்டைகளில் பிரெஞ்சிலும் அச்சிட்டார்கள். 1962-க்குப் பிறகு, "பிரெஞ்சு படிச்சு என்னடா பண்ணப் போற?" என்று எங்களைக் கேட்காத ஆள் இந்த ஊரில் இல்லை. ஜப்பான் கார்டு படிக்கப் போகிறேன் என்று அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை.

அதைவிடப் பெரிய ஆச்சரியம், படத்தின் பக்கத்திலேயே, மல்லர்களின் காலடியில் இருந்த வெள்ளை இடத்தில் பொடி எழுத்தில் ஒரு கடிதம். அதுவும் பிரெஞ்சில். யோகோஹாமாவிலிருந்து ஒரு மாலுமி, பிரான்ஸின் பிரெஸ்ட் நகரத்தில் இருக்கும் தாயாருக்கு எழுதியது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: நான் சௌக்கியம். இங்கே எல்லாம் அமைதியாக இருக்கிறது. படத்தைப் பார்த்துச் சின்னவள் பயப்பட வேண்டாம், இவர்கள் சாதுவானவர்கள் என்று சொல். கூரை சரிசெய்தாகிவிட்டதா? தேதி போட வேண்டிய இடத்தில் 'வியாழக்கிழமை' என்று மட்டும். கீழே கையெழுத்துக்குப் பதில் ஒற்றை எழுத்து.

இனித்தான் என் தவறு.

நான் அப்போது ஸ்டாம்ப் சேர்ப்பவன். ஸ்டாம்ப் சேர்ப்பவனுக்கு அட்டை என்பது வாழைப்பழத் தோல். ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, கார்டின் மூலையை அதில் ஊறவைத்து, ஜப்பானிய அரச குடும்பத்தின் சாமந்திப்பூ சின்னம் போட்ட அந்த ஸ்டாம்பை அலுங்காமல் எடுத்தேன். தபால் முத்திரையின் ஒரு பாதி ஸ்டாம்பின்மேல் விழுந்திருந்தது. மறு பாதி கார்டில். ஸ்டாம்போடு தேதி இருந்த பாதி போயிற்று. கார்டில் மிஞ்சியது ஒரு வளைகோடும் ஊர்ப் பெயரின் முதல் நான்கு எழுத்துகளும்தான். அந்த ஸ்டாம்பையாவது வைத்துக்கொண்டேனா என்றால் அதுவும் இல்லை. அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேஜை நண்பர் பெரிய ஸ்டாம்ப் பிரியர். அவரிடம் கொடுத்து, இரண்டு இந்தோசீனா ஸ்டாம்ப் வாங்கிக்கொண்டேன். நல்ல வியாபாரம் என்று அன்று ராத்திரி சந்தோஷமாகத் தூங்கினேன்.

இத்தனைக்கும் நான் வேலை பார்த்தது தபால் பிரிவில். எங்கள் தலைமை எழுத்தருக்கு ஒரே மந்திரம்தான்: தேதி இல்லாத காகிதம் காகிதமே இல்லை. அலுவலகத்துக்கு எது வந்தாலும், பிரித்ததும் முதல் காரியம் தேதி முத்திரை, சுருக்கொப்பம், பதிவேட்டில் எண். பத்து மணி முதல் ஐந்து மணி வரை தேதியைக் காப்பாற்றுவதற்குச் சம்பளம் வாங்கியவன், வீட்டுக்கு வந்து பேசினில் தேதியைக் கழற்றினேன்.

சுமோ பைத்தியம் மெதுவாகத்தான் பிடித்தது. சித்தப்பாவிடம் இன்னும் இருந்தால் வாங்கி அனுப்புங்கள் என்று எழுதினேன். பிரெஞ்சுக்காரர்களுக்கு ஜப்பான் பொருள்கள்மேல் பழைய மோகம் உண்டு, அதனால் பாரீஸ் சந்தைகளில் இவை அவ்வப்போது தட்டுப்படும். பின்னாளில் பிரான்ஸ் ஜனாதிபதியாக இருந்த ழாக் சிராக்கே பெரிய சுமோ ரசிகர். தன் நாய்க்குட்டிக்கு 'சுமோ' என்று பெயர் வைத்தவர். இணையம் வந்த பிறகு மகன் உதவியால் நேரடியாகவும் வாங்கினேன். அட்டையின் கீழே ஜப்பானிய எழுத்தில் இருக்கும் பெயர்களைப் படித்துச் சொன்னவர், ஆரோவிலில் சில வருஷம் தங்கியிருந்த ஒரு ஜப்பானியப் பெண்மணி. முதல் கார்டைக் காட்டியதும், "இவர் ஹிடாச்சியாமா" என்றார்.

கயிறு கட்டியவர் யோகோசூனா. சுமோவில் அதற்குமேல் பட்டம் கிடையாது. களத்தில் இறங்கும் சடங்கின்போது மட்டும் அந்த வெள்ளைக் கயிற்றைக் கட்டுவார். வாள் ஏந்துபவர் ஒருவர், முன்னே வழிவிலக்கி நடப்பவர் ஒருவர் என்று இரண்டு பேர் துணைக்கு வருவார்கள். ஹிடாச்சியாமா சாதாரண ஆள் இல்லை. 1903-இல் அவரும் அவருடைய எதிராளி உமெகாதானியும் ஒரே சமயத்தில் யோகோசூனா ஆனார்கள். உமெகாதானியைத் தோற்கடித்து மேலே வந்த ஹிடாச்சியாமா, பட்டம் கொடுத்தால் அவருக்கும் சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்டதாகச் சொல்வார்கள். 1907-இல் அமெரிக்கா போய், வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டைச் சந்தித்தவரும் இவரே.

ஆக, கார்டு 1903-க்குப் பிந்தையது என்று படம் சொல்லிவிட்டது. எதற்கு முந்தையது? அதைச் சொன்னது பின்பக்கம்.

ஜப்பானில் தனியார் அஞ்சலட்டை அச்சிட 1900-இல்தான் அனுமதி கிடைத்தது. ஆரம்பத்தில் பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டும். சேதி எழுத வேண்டுமானால் படத்தின் பக்கத்தில் கிடைக்கிற இடத்தில் எழுத வேண்டும். மாலுமி மல்லர்களின் காலடியில் எழுதியது அதனால்தான், இடம் தெரியாமல் எழுதியதல்ல. 1907-இல் பின்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சேதிக்கு ஒதுக்கிக் கோடு போட்டார்கள். 1918-இல் அந்தக் கோடு நடுவுக்கு வந்தது. ஆகவே கோடே இல்லையென்றால் 1907-க்கு முன், மூன்றில் ஒரு பங்கில் கோடு என்றால் 1907 முதல் 1918, பாதியில் கோடு என்றால் அதற்குப் பின்.

அதற்குப் பின் என்றால் எவ்வளவு பின்? அங்கேதான் நம் தமிழருக்கு ரசிக்கத்தக்க ஒரு சங்கதி இருக்கிறது. அஞ்சலட்டைக்கு ஜப்பானிய மொழியில் 'யூபின் ஹகாகி' என்று பெயர். 'ஹகாகி'யின் நடுவெழுத்தை, நாம் 'அகம்' என்பதில் 'க'வை மென்மையாகச் சொல்வோமே, அதுபோலச் சொல்ல வேண்டும். 'கடை'யின் வல்லின 'க' இல்லை. நாம் இரண்டுக்கும் ஒரே எழுத்தை வைத்துச் சமாளிக்கிறோம். பழைய ஜப்பானிய அட்டைகளிலும் அப்படித்தான், வல்லின எழுத்தையே போட்டுவிட்டு மென்மையாகப் படித்தார்கள். 1933-இல் அந்த எழுத்தின் தோளில் இரண்டு பொடிக் கோடுகள் போட்டு, இதை மென்மையாகப் படி என்று காட்ட ஆரம்பித்தார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும். இரண்டு கோடு இருந்தால் 1933-க்குப் பின். மேலும் இந்தத் தலைப்பு யுத்தத்துக்கு முன் வலமிருந்து இடமாக அச்சாகும், யுத்தத்துக்குப் பின் இடமிருந்து வலமாக. இவ்வளவுதான் வித்தை. ஜப்பானிய மொழி ஓர் எழுத்துத் தெரியாதவரும் ஐந்து நிமிஷத்தில் கற்றுக்கொள்ளலாம்.

முன்பக்கம் ஒன்றுமே சொல்லாது என்று நான் சொல்லவில்லை. சொல்லும், ஆனால் ஒரு கோப்பைப் படிப்பதுபோல் படிக்க வேண்டும். நடுவர் உடையைப் பாருங்கள். 1910-க்குப் பிறகுதான் இன்று காணும் பழங்கால அரசவை உடையும் உயர்ந்த கருப்புத் தொப்பியும் நடுவர்களுக்கு வந்தன. களத்தைப் பாருங்கள். வைக்கோல் பிரிகளால் ஆன வட்டம் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இருந்தால் 1931-க்கு முன். அந்த வருஷம் உள்வட்டத்தை எடுத்துவிட்டு, 4.55 மீட்டர் குறுக்களவுள்ள ஒரே வட்டமாக ஆக்கினார்கள். நாலு மூலையிலும் தூண்கள் நின்றால் 1952-க்கு முன். தூண்கள் பார்வையாளரை மறைக்கின்றன என்று, டெலிவிஷன் ஒளிபரப்பு வரும் சமயத்தில் அவற்றை எடுத்துவிட்டுக் கூரையை மேலிருந்து தொங்கவிட்டார்கள். தூண் நின்ற இடங்களில் இன்று வர்ணக் குஞ்சங்கள் தொங்குகின்றன.

கட்டடமும் அப்படியே. 1909 வரை டோக்கியோ சுமோ நடந்தது எகோயின் என்ற புத்த கோயில் வளாகத்தில். 1657-இல் நடந்த பெருந்தீயில் மாண்டவர்களுக்காகக் கட்டிய கோயில் அது. திறந்த வெளிப் பந்தல், மழை பெய்தால் ஆட்டம் இல்லை. 1909-இல் பக்கத்திலேயே இரும்புக் குவிமாடத்தோடு கொகுகிகான் என்ற அரங்கத்தைக் கட்டினார்கள். வடிவமைத்தவர்களில் ஒருவர், பின்னால் டோக்கியோ ரயில் நிலையத்தைக் கட்டிய தத்சுனோ கிங்கோ. 1917-இல் அரங்கம் எரிந்தது. 1920-இல் திரும்பக் கட்டினார்கள். 1923 பூகம்பத்தில் மறுபடியும் அழிந்தது, மறுபடியும் கட்டினார்கள். இவ்வளவு சரித்திரமும் உள்ளங்கை அகல அட்டைகளில் இருக்கிறது.

பேரன் 'குண்டு ஆளுங்க' என்றானே, அதற்கும் அட்டையிலேயே பதில் உண்டு. சுமோவில் எடைப் பிரிவுகள் கிடையாது. என் ஆல்பத்தில் இருக்கும் தொச்சிகியாமா யோகோசூனா ஆனவர், நூறு கிலோவைக் கொஞ்சம்தான் தாண்டியவர். நம் ஊர் சிலம்ப வாத்தியார் மாதிரி இருப்பார். 1936-இலிருந்து 1939 வரை தொடர்ச்சியாக 69 ஆட்டம் ஜெயித்த ஃபுதாபாயாமாவுக்கு, சிறுவயதில் பட்ட அடியால் வலது கண்ணில் பார்வை கிடையாது என்றே சொல்லலாம். ஆடிய காலமெல்லாம் அதை வெளியே சொல்லாமல் ஆடினார். அவருடைய கார்டை எடுத்து, முகத்தை ஒரு நிமிஷம் நிதானமாகப் பாருங்கள். அதற்கப்புறம் குண்டு என்ற வார்த்தை வாயில் வராது.

என் முதல் கார்டுக்குத் திரும்புகிறேன். ஹிடாச்சியாமா கயிறு கட்டியிருக்கிறார், ஆக 1903-க்குப் பின். பின்பக்கத்தில் கோடு இல்லை, ஆக அச்சானது 1907-க்கு முன். நான்கு வருஷத்துக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். ஆனால் அந்த நான்கு வருஷத்துக்குள்தான் ருஷ்ய ஜப்பானிய யுத்தம் இருக்கிறது. 1904 பிப்ரவரியில் தொடங்கி 1905 செப்டம்பரில் முடிந்த யுத்தம். பிரான்ஸ் அப்போது ருஷ்யாவின் நேச நாடு. யோகோஹாமாவில் நிற்கும் கப்பலில் மகனை வைத்திருக்கும் தாய் பிரெஸ்ட் நகரத்தில் பத்திரிகை படித்து என்ன பாடுபட்டிருப்பாள்?

இப்போது அந்த வரியைத் திரும்பப் படியுங்கள். "இங்கே எல்லாம் அமைதியாக இருக்கிறது." 1903 கடைசியில் எழுதியிருந்தால், பையனுக்கு வரப்போவது தெரியவில்லை. 1904 நடுவில் எழுதியிருந்தால், அம்மா கலங்கக் கூடாது என்று எழுதிய வரி அது. 1906-இல் எழுதியிருந்தால் வெறும் உண்மை. ஒரே வரிக்கு மூன்று அர்த்தம். எது சரி என்று சொல்லக்கூடியது ஒரு விரல்நுனி அகல முத்திரை. அதைத்தான் நான் பேசினில் பிரித்தேன்.

இது எனக்கு உறைத்தபோது ஸ்டாம்பைக் கொடுத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் கவலைப்படவில்லை. நண்பர் ஊரிலேயே இருந்தார். அவர் எதையும் தூக்கிப் போடுகிறவர் இல்லை. அந்த ஸ்டாம்ப் அவருடைய ஆல்பத்தில் ஜப்பான் பக்கத்தில் பத்திரமாக இருக்கும். ஒரு நாள் போய்க் கேட்டு, இரண்டு பாதியையும் சேர்த்துவைத்துப் பார்த்தால் தீர்ந்தது. அடுத்த வாரம் போகலாம், பொங்கல் கழித்துப் போகலாம் என்று நாள் ஓடியது. கடற்கரையில் காலை நடையில் பார்ப்போம், பென்ஷனைப் பற்றியும் சர்க்கரையைப் பற்றியும் பேசுவோம், ஸ்டாம்பைப் பற்றிக் கேட்க மறந்துவிடுவேன்.

ஒரு மழைக்காலத்தில் நண்பர் போய்விட்டார். கருமாதி முடிந்து, மரியாதைக்கு ஒரு மாதம் விட்டு, தயங்கித் தயங்கி அவர் மகனிடம் கேட்டேன். "ஐயோ அங்கிள், நீங்க முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? வீட்டைக் காலி பண்ணும்போது பேப்பரோட பேப்பரா போட்டுட்டோமே" என்றார் பாவம். எந்தக் கடை என்று கேட்டுக்கொண்டு போனேன். பழைய பேப்பர் கடைக்காரர் ஆல்பங்களின் ரெக்ஸின் அட்டைகளைக் கிழித்துத் தனியாக அடுக்கியிருந்தார். அவை எடைக்கு ஆகாதாம். முதுகில் நண்பரின் அழகான கையெழுத்தில் '4', '5', '7' என்று எண்கள். உள்தாள்கள் முந்தின வாரமே லாரி ஏறிவிட்டன.

அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபம் இல்லை, அன்றைக்கும் இல்லை. ஐம்பது வருஷம் சேர்த்த மனுஷர், இது என்ன, யாருக்குக் கொடுக்க வேண்டும், எதன் மதிப்பு என்ன என்று ஒரு வரி எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காத பொருள், பிள்ளைகள் கண்ணுக்குத் தூசு அடைந்த காகிதம்தான். வேறெப்படித் தெரியும்? குற்றம் சொல்வதானால் என்னிடமிருந்து தொடங்க வேண்டும். பிரித்தவன் நான், தள்ளிப்போட்டவனும் நான்.

ஆகவே, பெட்டிக்குள் ஏதாவது வைத்திருக்கும் என் வயதுக்காரர்களுக்குச் சில வார்த்தை. சுமோ அட்டைதான் என்றில்லை, அப்பா எழுதிய இன்லேண்ட் லெட்டரானாலும் கல்யாணப் பத்திரிகையானாலும் இதேதான்.

பிரிக்காதீர்கள். ஸ்டாம்பைக் கார்டிலிருந்தும், கடிதத்தை உறையிலிருந்தும் கழற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் ஒன்றுக்கொன்று சாட்சி. பசை போட்டு ஆல்பத்தில் ஒட்டாதீர்கள். என்னிடம் இருக்கும் ஆறு அட்டைகளை முன்னாள் சொந்தக்காரர் யாரோ கருப்புத் தாளில் அழுத்தி ஒட்டியிருந்தார். பின்பக்கம் முழுவதும் போயிற்று. மூலைகளில் மட்டும் செருகும் காகித மூலைகள் கடையில் கிடைக்கின்றன, அது போதும். கறை இருக்கிறதே என்று துடைக்கவும் வேண்டாம்.

எழுதாத, தபாலில் போகாத சுத்தமான அட்டைதான் உசத்தி என்று ஒரு கட்சி இருக்கிறது. விற்பவர்களும் அப்படித்தான் விலை போடுகிறார்கள். கசங்காத யோகோசூனா கார்டுக்கு நல்ல விலை, கிறுக்கியதற்குப் பாதி விலை. ஒரு வியாபாரி என்னிடம் சுத்தமான முப்பதை மட்டும் பொறுக்கிக்கொண்டு, மீதி உங்களுக்கே என்றார். நான் கொடுக்கவில்லை. அவர் கணக்கு எனக்குப் புரிகிறது. சுத்தமான கார்டில் படம் நன்றாக இருக்கும், அச்சின் நயம் தெரியும். ஆனால் அது கடையில் இருந்து பெட்டிக்குப் போன கார்டு. கிறுக்கிய கார்டோ கடல் தாண்டிப் போய் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிய கார்டு. எனக்குப் பாதி விலைக்காரன்தான் வேண்டும்.

ஸ்கேன் செய்வதை நான் எதிர்க்கவில்லை. செய்யுங்கள், இரண்டு பக்கமும் செய்யுங்கள். ஆனால் ஸ்கேன் செய்தபின் காகிதம் எதற்கு என்று கேட்காதீர்கள். அந்தக் கால நல்ல அட்டைகள் கொலோடைப் என்ற முறையில் அச்சானவை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் புள்ளிகள் வரிசையாகத் தெரியாது, தோல் சுருக்கம்போல் நுணுக்கமான ரேகைகள்தான் தெரியும். பின்னால் நகலெடுத்து விற்கும் போலிகளில் புள்ளி தெரியும். சாதாரண ஸ்கேனில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கடைசியாக, எழுதி வையுங்கள். நான் பழைய அலுவலகப் பழக்கத்தில் ஒரு நீளப் பதிவேடு வாங்கிக் கட்டங்கள் போட்டிருக்கிறேன். வரிசை எண், யாரிடமிருந்து வந்தது, எப்போது, என்ன விலை, படத்தில் யார், பின்பக்கக் கோடு எங்கே, என்ன எழுதியிருக்கிறது, எனக்குப் பின் யாருக்கு. 143-க்கும் எழுத நான்கு மாதம் ஆயிற்று. முதல் எண்ணில் தேதிக்கான கட்டத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "1903க்கும் 1907க்கும் இடையில். தபால் முத்திரையின் தேதிப் பகுதி, பதிவு செய்பவரின் அஜாக்கிரதையால் இழக்கப்பட்டது." கீழே சுருக்கொப்பமும் இட்டிருக்கிறேன். அலுவலகத்தில் இப்படி ஒரு குறிப்பு எழுதியிருந்தால் விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கும்.

பேரனிடம் இதையெல்லாம் சொன்னேன். போனை நோண்டிக்கொண்டேதான் கேட்டான். கேட்டானா இல்லையா என்றே சந்தேகமாக இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால், மேஜையில் அட்டைகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்துப் போனில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறான். "பின்பக்கம் முதல்ல எடுத்துடறேன் தாத்தா" என்றான். முப்பத்தெட்டு அட்டை முடித்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். மீதியைத் தீபாவளிக்கு வந்து எடுப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

நீங்களும் இன்று சாயங்காலம் உங்கள் பெட்டியைத் திறந்து, மேலாக இருக்கும் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். யாரிடமாவது ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் நாளைக் காலை நடையிலேயே கேட்டுவிடுங்கள். பொங்கல் கழியட்டும் என்று இருக்க வேண்டாம்.